நிழல் இருந்த சைடு

போன வாரம் என் பொண்ணு இங்கிலீஷ் ஹோம்வொர்க் எழுதிக்கினு இருந்தா. டீச்சர் ஒரு வார்த்தையைக் குடுத்து, அதுக்கு எத்தனை அர்த்தம் இருக்கோ அத்தனைக்கும் ஒவ்வொரு வாக்கியம் எழுதிக்கினு வரச் சொல்லிட்டாங்களாம். குடுத்த வார்த்தை 'சைடு'.

"ம்மா, சைடுன்னா பக்கம். அவ்ளோதானே? வேற இன்னா இருக்குது?"

அவ்ளோதானேவா! நம்ம வயசுக்காரங்களே, நீங்களே சொல்லுங்க, அந்த ஒரு வார்த்தை இல்லாம நம்மளால ஒரு நாள் ஓட்ட முடியுமா? பஸ்ல ஏறினா சைடு சீட்டு. சாப்பிட உக்காந்தா சைடு டிஷ். சைக்கிளுக்கு சைடு ஸ்டாண்டு, தலைக்கு சைடு வகுடு. வேலைக்குப் போறவன் கூடவே ஒரு சைடு பிசினஸ் வச்சிருப்பான். சினிமா பாக்கப் போனா தூணு மறைக்காத சைடா பாத்து உக்காருவோம். தலைவலின்னாகூட ஒரு சைடா வலிக்குதுன்னுதானே சொல்றோம்? நான் அடுக்கிக்கினே போனேன். அவளும் சிரிச்சிக்கினே எழுதினா.

"அப்புறம் அம்மா சைடு, அப்பா சைடு."

அதையும் நான்தான் சொன்னேன், சொன்னதும் கை வேலையே மறந்து போச்சு. அடுப்புல வச்ச பால் பொங்கி வழிஞ்சி, பொண்ணுதான் ஓடிப் போயி அணைச்சா. "இன்னாம்மா ஆச்சு?"ன்னு கேட்டா. அவகிட்ட சொல்ல முடியல. உங்ககிட்ட சொல்றேன். நமக்கெல்லாம் தலையில நரை எட்டிப் பாக்குற வயசாயிடுச்சி. நான் பூசுற டையைத்தான் நீங்களும் பூசுறீங்க, மறைக்க வேணாம். இந்த வயசுல சொன்னாதான் இது புரியும்.

தொண்ணூத்தி மூணு. அப்ப நாங்க திண்டிவனத்துல வாடகைக்குக் குடியிருந்தோம். நான் மூணாங்கிளாஸ் முழுப் பரீட்சைக்குப் படிச்சிக்கினு இருந்த நேரம். அப்பா லாரி டிரைவர். அம்மா வீட்டுலயே தையல் மிஷின் போட்டு ஜாக்கெட்டும் கவுனும் தைச்சிக்கினு இருந்துது. அப்பா ஊரு பனமலை பக்கம், நிலம் நீச்சு வச்சிருக்கிற குடும்பம். அம்மா முகையூர் பக்கம், தலைமுறை தலைமுறையா கோயிலுக்கு, அதான் மாதா கோயிலுக்கு, போற குடும்பம். எப்படிப் பாத்துக்கிட்டாங்க, எப்படிக் கட்டிக்கிட்டாங்கன்னு கேக்காதீங்க, லாரிக்காரரும் தையல்காரியும் பாத்துக்க ஒரு பஸ் ஸ்டாண்டு போதாதா?

ரெண்டு சைடுக்கும் இந்தக் கல்யாணம் பிடிக்கல. பிடிக்கலைன்னாலும் அறுத்துக்கவும் இல்ல. எனக்கு அம்மா சைடுல ஒரு பேரு, ஞானஸ்நானத்துல வச்சது. அப்பா சைடுல ஒரு பேரு, குலதெய்வம் பேரு. எந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் நான் ஓடுவேன், எனக்கு ஒரு கஷ்டமும் தெரியல. ஞாயித்துக்கிழமை அப்பா ஊர்ல இருந்தா கோயில் வாசல் வரைக்கும் வந்து விடுவாரு. உள்ள ஆம்பளைங்க ஒரு சைடு, பொம்பளைங்க ஒரு சைடு உக்காருவாங்க. நான் அம்மா மடியில உக்காந்துக்கினு ஆம்பளைங்க சைடைப் பாப்பேன். அங்க அப்பா இல்லையேன்னு எனக்குக் கோவம் வரும். வெளிய வந்தா டீக்கடையில கால் மேல கால் போட்டுக்கினு பேப்பர் படிச்சிக்கினு இருப்பாரு.

"நீங்க எந்தச் சைடும் உக்கார மாட்டீங்களா?"ன்னு கேட்டா சிரிப்பாரு. "நான் டிரைவர் சைடும்மா, அதுல ஒரு ஆளுதான் உக்கார முடியும்."

எனக்கு அந்த வார்த்தையை முதல்ல கத்துக் குடுத்தது அவருதான். அப்பல்லாம் அந்த ஹைவே இப்ப மாதிரி அகலம் இல்ல. விக்கிரவாண்டியில டோலும் கிடையாது ஒண்ணும் கிடையாது. ரெண்டு பக்கமும் புளிய மரம், நடுவுல ஒடுங்குன ரோடு. ஒரு வண்டியைத் தாண்டணும்னா அவன் சைடு குடுக்கணும். லீவு நாள்ல என்னை லாரியில ஏத்திக்கினு போவாரு. பின்னாடி ஆரன் அடிச்சா, கண்ணாடியில பாத்து, இடது பக்கம் ஒதுங்கி, கையை வெளிய நீட்டி, போ போன்னு ஆட்டுவாரு. கிளீனர் அண்ணனுக்கு எரிச்சலா இருக்கும். "எதுக்குண்ணே எல்லாருக்கும் சைடு குடுக்குற? நாமளும் ஜல்தி போக வேணாமா?"ம்பாரு.

"கேக்குறவனுக்குக் குடுத்துடணும்டா. அவன் வீட்டுக்கு அவன் போகட்டும், நம்ம வீட்டுக்கு நாம போலாம்."

அந்த லாரி கேபின்ல டீசல் வாடையும் ஊதுவத்தி வாடையும் சேர்ந்து அடிக்கும். எனக்கு அது அப்பாவோட வாடை. இன்னைக்கும் ஏதாவது லாரி பக்கத்துல நின்னா மூச்சை இழுத்துப் பாப்பேன்.

அம்மாவோட சைடு வேற. அது தையல் சைடு. எனக்கு எது தைச்சாலும் ரெண்டு சைடுலயும் உள்ளுக்குத் துணி விட்டுத்தான் தைக்கும். அந்த வருசம் கட் பீஸ் துணியில பச்சை கவுன் ஒண்ணு தைச்சுது, வெள்ளைப் பூ போட்டது. உள்ள விட்ட துணி விலாவுல மடிஞ்சி மடிஞ்சி உறுத்தும். "ஏம்மா இவ்ளோ துணி விட்ட?"ன்னு சிணுங்கினா, "வளர வளரப் பிரிச்சி விடுவேன்டி. நீ பெரிய மனுசியாவுற வரைக்கும் இதுதான்"னு மிஷினை மிதிச்சிக்கினே சொல்லும். அப்பாவும் அதே கட்சி. கிறிஸ்மஸுக்கு எனக்கு சிவப்புச் செருப்பு வாங்கினாரு, பக்கிள் வச்சது. கால்ல தொளதொளன்னு ஆடுச்சு. "கொஞ்சம் பெருசா இருந்தாதான் நாள் வரும்"னு சொல்லிட்டாரு. ரெண்டு பேரும் எனக்கு எல்லாத்தையும் பெருசாவே பண்ணி வச்சாங்க.

பங்குனி மாசம், விடிஞ்சும் விடியாத நேரம். கிளீனர் அண்ணன் எங்க வீட்டு வாசல்ல வந்து நின்னாரு. சட்டையெல்லாம் செம்மண்ணு, ஒரு கால்ல செருப்பு இல்ல. அம்மா கையில கோலப்பொடி டப்பா. அவரு அம்மாவைப் பாக்காம செவுத்தைப் பாத்துப் பேசினாரு.

"அண்ணன் சைடு குடுத்தாரு அண்ணி. பின்னாடி பஸ்காரன் ஆரன் அடிச்சிக்கினே வந்தான். எப்பவும் போல ஒதுங்கிக் குடுத்தாரு. அங்க குழாய் போட்டு மூடுன குழி அண்ணி, பாக்கல. மண்ணு இறங்கிடுச்சி. லோடு அப்படியே சாஞ்சி..."

அப்புறம் அவரு சொன்னது எனக்குக் கேக்கல. அம்மா போட்ட சத்தம் அப்படி. எனக்கு அழுகைகூட வரலங்க. சைடு குடுத்தா வீட்டுக்குப் போலாம்னுதானே அப்பா சொன்னாரு? குடுத்தாரே? அப்புறம் எப்படி? அந்தக் கேள்வியிலயே பிடிச்சு வச்ச மாதிரி நின்னேன்.

காரியம் அப்பா ஊர்ல நடந்துது. அது முடிஞ்ச கையோட பேச்சு ஆரம்பிச்சுது. பொண்ணு யார் சைடு?

பெரியப்பா, அதாவது அப்பாவோட அண்ணன், கெட்டவரு இல்ல. அவருக்குத் தம்பின்னா உசுரு. அவருக்கும் பெரியம்மாவுக்கும் புள்ளை குட்டி இல்ல. "என் தம்பி மண்ணுக்குள்ள போயிட்டான். அவன்னு சொல்லிக்க இது ஒண்ணுதான் இருக்குது. இதையும் தூக்கிக்கினு போயி வேற பேர் வச்சி வளத்துடுவாங்க. அப்ப எனக்கு இன்னா மிச்சம்?"னு துண்டுல வாயைப் பொத்திக்கினு அழுதாரு. அம்மாவோட அண்ணன், என் மாமா, அதுக்குமேல. "வயித்துல சுமந்தவ என் தங்கச்சி. அவளை ஒத்தையா அனுப்பிட்டு புள்ளையைப் புடுங்கிக்குவீங்களோ?"ன்னு நின்னாரு. நான் சாப்பிட்டனா, தூங்கினனான்னு அந்த வாரம் ஒருத்தர்கூடக் கேக்கல. அவ்ளோ பேஜாருக்கு நடுவுல கேக்க நேரம் எங்க?

கடைசியில ஊர்ப் பெரியவரை வச்சிப் பேசிடலாம்னு முடிவாச்சு. கோயில்ல வச்சா அப்பா சைடு, சர்ச்ல வச்சா அம்மா சைடு. ரெண்டும் வேணாம், களத்துல வச்சிக்கலாம்னாங்க. களம்னா ஊருக்குப் பொதுவா சிமெண்ட் போட்டு வச்சிருக்கிற பெரிய தரை, நெல்லு அடிக்க, பயிறு காயப் போட. சித்திரை மாசம், மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, பிடுங்கி முடிச்ச நேரம். களம் பூரா மல்லாட்டை காய்ஞ்சிக்கினு இருந்துது. பச்சை மண்ணு வாடை அடிச்சிக்கினு, கால் வைக்க இடம் இல்லாம. நடுவுல கொஞ்சம் ஒதுக்கி இடம் பண்ணியிருந்தாங்க.

அப்பா சைடு ஆளுங்க உள்ளூர்க்காரங்க. காலையிலயே வந்து புங்க மரத்து நிழல்ல தார்ப்பாய் விரிச்சி உக்காந்துட்டாங்க. அம்மாவும் நானும் மாமாவும் இன்னும் ரெண்டு மூணு சொந்தக்காரங்களும் விழுப்புரத்துல பஸ் மாறி, மெயின் ரோட்டுல இறங்கி நடந்து வந்து சேரும்போது உச்சி வெயில். எங்களுக்குக் கிடைச்சது எதிர்ச் சைடு. பம்புசெட்டு செவுத்தோரம், பொட்டு நிழல் இல்ல. மாமா கறுப்புக் குடையை விரிச்சி அம்மா தலைமேல பிடிச்சிக்கினாரு.

"களத்துல செருப்போட ஏறாதீங்க"ன்னு யாரோ குரல் குடுத்தாங்க. அது எல்லா ஊர்லயும் உள்ளதுதான். சாப்பிடற பொருள் காயற இடம், மகாலட்சுமின்னு சொல்லுவாங்க, செருப்புக் கால் படக் கூடாது. அம்மா குனிஞ்சி என் பக்கிளை அவுத்து, செருப்பைக் கழட்டித் தன் கையில வச்சிக்கிச்சு. "போ பாப்பா, அந்தத் தாத்தா கூப்பிடறாரு பாரு"ன்னுச்சு.

பெரியவங்கெல்லாம் ஓரத்துல பாயிலயும் சாக்குலயும் இருந்தாங்க. களத்துக்கு நடுவுல நின்னது நான் ஒருத்திதான்.

சிமெண்ட்டுங்க! சித்திரை மாசத்து உச்சி வெயில்ல! நான் ஒரு காலைத் தூக்கி இன்னொரு கால்மேல வச்சேன். அந்தக் கால் சுட்டா இந்தக் கால். கவுனை இழுத்துக் காலடியில விட முடியுமான்னு பாத்தேன், எட்டல. அவங்க பேசிக்கினே இருந்தாங்க. நிலம், சாமி, ரத்தம், படிப்புன்னு எவ்ளோ பேச்சு! ஒருத்தர் ஒரு சைடு பேசி முடிச்சா அடுத்த சைடுல இருந்து ஒருத்தர் எந்திரிப்பாரு. "பாப்பா, ஆடாம நில்லும்மா"ன்னு ஊர்ப் பெரியவர் சிரிச்சிக்கினே அதட்டினாரு.

அப்பதான் அம்மா எழுந்துது. அது பேசும்னு யாரும் எதிர்பாக்கல. குரல் நடுங்கலை, நல்லா தெளிவாத்தான் வந்துது.

"எதுக்கு இவ்ளோ பேச்சு? புள்ளையையே கேளுங்க. அது எந்தச் சைடு வருதோ அங்கயே இருக்கட்டும். அதுக்கப்புறம் நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

அதுக்கு அவ்ளோ நம்பிக்கை. என் மேல நம்பிக்கை.

பெரியப்பாவுக்கு வேர்த்துடுச்சி. ஆனா மறுக்க முடியல. ஊர்ப் பெரியவர் தலையாட்டிட்டு என்னைப் பாத்தாரு. "கண்ணு, உனக்கு யாரோட இருக்கணுமோ அவங்ககிட்ட போ. யாரும் கூப்பிடக் கூடாது, சும்மா இருங்க எல்லாரும்."

எனக்கு அது நல்லாப் புரிஞ்சிதுங்க. சின்னப் புள்ளைக்குப் புரியலன்னு நினைச்சிடாதீங்க. நான் அம்மாகிட்டதான் போகணும். அதுல எனக்கு ஒரு நிமிசம்கூட சந்தேகம் இல்ல. அம்மா அங்க குடைக்கு அடியில நிக்குது, கையில என் சிவப்புச் செருப்பு. ஆனா எனக்கும் அம்மாவுக்கும் நடுவுல அந்த வெள்ளைத் தரை மின்னிக்கினு கிடக்குது. அதுக்கு அப்பால மல்லாட்டை, மிதிச்சா திட்டுவாங்க. இந்தச் சைடுல எட்டித் தாவினா புங்க மர நிழல். ஓடிப் போயி நிழல்ல காலை வச்சி ஆத்திக்கினு, அப்படியே ஓரமாவே சுத்தி அம்மாகிட்ட போயிடலாம். இதுதாங்க நான் போட்ட கணக்கு. என் கால் அதுக்குள்ள ஓடிடுச்சி.

நிழல்ல கால் பட்டதும் உடம்பே குளுந்து போச்சு. கண்ணை மூடிட்டேன். திறக்கறதுக்குள்ள பெரியப்பா என்னை வாரித் தூக்கி நெஞ்சோட அணைச்சிக்கினாரு. "பாத்தீங்களாய்யா! பாத்தீங்களா!"ன்னு அவரு கத்துற கத்துல எனக்குக் காது அடைச்சிது. இந்தச் சைடு ஆளுங்க எல்லாரும் எழுந்துட்டாங்க. யாரோ கைதட்டுனாங்க.

என்ன நடந்துது? நான் இன்னும் போயே சேரலையே! "அம்மா! அம்மாகிட்ட!"ன்னு கத்தினேன். அழுகையில வார்த்தை வெளிய வரல. "கால்... கால்..."னு கையைக் காட்டினேன். "பாவம், திருப்பி அம்மாகிட்ட அனுப்பிடுவாங்களோன்னு பயந்து அழுவுதுடா"ன்னு ஒருத்தர் சொன்னாரு. எல்லாரும் ஆமா ஆமான்னாங்க. ஐயோ, எப்படிங்க? இத்தனை பெரியவங்க, இத்தனை கண்ணு. ஒருத்தருக்குக்கூட வெயிலு தெரியலையா?

பெரியப்பா தோளுக்கு மேல தலையை நீட்டிப் பாத்தேன். அம்மா அசையாம நின்னுக்கினு இருந்துது. மாமா ஏதோ கத்துறாரு, அது காதுல வாங்கவே இல்ல. என்னை ஒரு பார்வை பாத்துது. அப்புறம் திரும்பி, களத்தை விட்டு இறங்கி, மெயின் ரோட்டுப் பக்கம் நடக்க ஆரம்பிச்சிது. குடையைத் தூக்கிக்கினு மாமா பின்னாடியே ஓடினாரு. என் செருப்பு அம்மா கையிலயே போச்சு. செருப்பைக்கூட எனக்கு விட்டுட்டுப் போகலையேன்னு எனக்கு ஆத்திரமா வந்துது.

சாயங்காலம் பெரியம்மா எனக்குக் கால் கழுவி விட உக்கார வச்சாங்க. உள்ளங்காலைத் திருப்பிப் பாத்தாங்க. ரெண்டு காலும் கொப்புளம், ஒண்ணு உடைஞ்சி தண்ணி வடிஞ்சிக்கினு இருந்துது. "ஐயையோ, இன்னாடி இது, இப்படி வெந்து..."ன்னு ஆரம்பிச்சவங்க டக்குனு நிறுத்திட்டாங்க. என் முகத்தைப் பாத்தாங்க. வாசப் பக்கம் எட்டிப் பாத்தாங்க, அங்க பெரியப்பா நாலு பேரோட சிரிச்சிப் பேசிக்கினு இருந்தாரு. அப்புறம் தேங்காண்ணெய் எடுத்துட்டு வந்து மெதுவா தடவி, வேட்டித் துணியைக் கிழிச்சிக் கட்டி விட்டாங்க.

இப்ப நினைச்சாதாங்க புரியுது. அவங்களுக்குத் தெரிஞ்சிடுச்சி. அந்த ஊர்ல அன்னைக்கு உண்மை தெரிஞ்ச ஒரே ஆளு அவங்கதான். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா பெரியப்பாவே என்னைக் கொண்டு போயி விட்டிருப்பாரோ என்னமோ. ஆனா புள்ளை இல்லாத மடி, அன்னைக்குத்தான் ஒரு புள்ளை வந்து உக்காந்திருக்குது. சொல்ல மனசு வரல. அவங்க கையால சாப்பிட்டுத்தான் வளந்தேன். எனக்கு அம்மை போட்டப்ப வேப்பிலையும் கையுமா பக்கத்துலயே கிடந்தவங்க. செத்துப் போறப்பகூட என் கையைத்தான் பிடிச்சிக்கினு இருந்தாங்க. திட்டலாம்னு பாத்தா வாய் வர மாட்டேங்குது, திட்டாம இருக்கவும் முடியல.

அம்மா வரும் வரும்னு நான் பாத்தேன். வரல. கேட்டா, "அவங்க சைடு ஆளுங்க விட மாட்டாங்க, விடு"ன்னு பெரியப்பா சொல்லுவாரு. மாமா வீட்டுலயும் அதே கதைதான்னு பின்னாடி தெரிஞ்சிது. "புள்ளையே வேணாம்னு போயிடுச்சி, நீ எதுக்குப் போயி நிக்கிற?"ன்னு அம்மாவை அடக்கிட்டாங்க. அந்தப் பச்சை கவுனை நான் விடாமப் போட்டேன். விலாவுல இறுக்குனப்ப பெரியம்மா பிளேடால பிரிச்சி உள்ள இருந்த துணியை விட்டாங்க. வெளுக்காத துணி வெளிய வந்ததும் கவுனுக்கு ரெண்டு சைடும் புதுசா ஒரு பச்சைக் கோடு. அந்தக் கோட்டைத் தடவிக்கினே தூங்குவேன். மறுபடியும் பிரிச்சாங்க, அதுக்கப்புறம் பிரிக்கத் துணி இல்ல. கடைசியில அது தோசைக்கல்லு துடைக்கிற துணியாப் போச்சு.

அம்மாவும் நானும் சுத்தமா பாத்துக்காம இல்ல. வளந்த பிறகு கல்யாணம், சாவுன்னு எங்கயாவது பாத்துக்குவோம். "நல்லா இருக்கியா?" "இருக்கேன்." அவ்ளோதான். அதுக்கு என் மேல பாசமே இல்லன்னு நான் முடிவு கட்டிட்டேன். விட்டுட்டுப் போனதுதானே, திரும்பிக்கூடப் பாக்கலையேன்னு. என் கல்யாணத்துக்கு வந்துது. மண்டபத்துல பொண்ணு சைடு, மாப்பிள்ளை சைடுன்னு ஆளுங்க நிறைஞ்சிருந்தாங்க. அம்மா ரெண்டுலயும் உக்காராம வாசக் கதவோரம் நின்னு பாத்துட்டு, சாப்பிடாமப் போயிடுச்சி. எனக்கு முகூர்த்தப் பொடவையில அழுகை வந்துது, மேக்கப் கலைஞ்சிடும்னு அடக்கிக்கினேன்.

போன வருசம் ஆடி மாசம். நான் இப்ப விழுப்புரத்துல இருக்கேன். மாமா போன் பண்ணினாரு. "உங்கம்மாவுக்கு ஒரு சைடு இழுத்துக்கிச்சிம்மா. பெரியாஸ்பத்திரிக்குத்தான் தூக்கிக்கினு வர்றோம். எனக்கும் வயசாயிடுச்சி, பாத்துக்க ஆள் இல்ல..."

போனேன். போகாம? இடது சைடு கையும் காலும் சுத்தமா வரல. வாய் கோணிப் போயி இருந்துது. வலது கையில மட்டும் செபமாலையைச் சுத்திக்கினு கிடந்துது. தைச்சித் தைச்சி ஆள்காட்டி விரல்ல ஊசித் தழும்பு அப்படியே இருக்குது. கஞ்சி ஊட்டினேன், உடம்பு துடைச்சி விட்டேன். நான் தொட்டா முகத்தைத் திருப்பிக்கும். நாள் போகப் போகக் கொஞ்சம் பேச்சு வந்துது.

ஒரு நாள் மத்தியானம் படுக்கை விரிப்பு மாத்தணும்னு, "ம்மா, கொஞ்சம் இந்தச் சைடு திரும்பிப் படு"ன்னேன்.

அம்மா அரை வாயால சிரிச்சுது. சிரிப்பா அது? "எந்தச் சைடுன்னு எனக்கு நீ சொல்றியாடி? அன்னைக்கு நல்லா சைடு பாத்துப் போனவதானே நீ."

எனக்குப் புரியல. "எங்க போனேன்?"

"களத்துல. ஊரே பாத்துக்கினு இருக்கும்போது. நான் தோத்தாலும் பரவால்லடி. என் புள்ளை என்கிட்ட வரும்னு வாய் விட்டுச் சொல்லிட்டு நின்னேன். நீ ஒரு தபாகூட என் பக்கம் பாக்காம அந்தச் சைடு ஓடுன. அப்பாவும் போயி, நீயும் போயி... இன்னா தப்பு பண்ணேன் உனக்கு? அடிச்சனா? சோறு போடலையா?"

தலையில இடி விழுந்த மாதிரி ஆயிடுச்சிங்க எனக்கு. கையில இருந்த விரிப்பு கீழ விழுந்துடுச்சி. இத்தனை வருசம்! நான் அம்மா என்னை விட்டுட்டுப் போச்சுன்னு நினைச்சிக்கினு இருக்கேன். அது, நான் அதை வேணாம்னு போனேன்னு நினைச்சிக்கினு தினம் தினம் செத்திருக்குது. ரெண்டு பேருமே வாய் திறந்து கேக்கலையே!

"ம்மா... கால் சுட்டுதும்மா."

"இன்னா?"

"கால் சுட்டுது. சிமெண்ட்டு கொதிச்சிக்கினு இருந்துது. நிக்க முடியல. நிழல்ல காலை வச்சி ஆத்திக்கினு, ஓரமா சுத்தி உன்கிட்ட வரலாம்னுதாம்மா ஓடினேன். அதுக்குள்ள பெரியப்பா தூக்கிட்டாரு. உன்கிட்டதாம்மா வந்துக்கினு இருந்தேன்."

பக்கத்துப் பெட்டுக்காரங்க திரும்பிப் பாத்தாங்க. அம்மாவோட கண்ணு என் முகத்துல நின்னு, அப்புறம் மெதுவா என் காலுக்குப் போச்சு.

"செருப்பு"ன்னுச்சு.

"நீதான் கழட்டி வச்சிக்கின. களத்துல..."

"செருப்பு என் கையிலதாண்டி இருந்துது." நல்லா இருந்த வலது கையைத் தூக்கி, விரிச்சி, அதையே பாத்துது. "இந்தக் கையில. முகையூர் போய்ச் சேர்ற வரைக்கும் கீழ வைக்கல. பஸ்ல மடியில வச்சிக்கினு அழுதுக்கினே போனேன். கையில உன் செருப்பை வச்சிக்கினு... புள்ளை வெறுங்கால்ல நின்னுதேன்னு எனக்குத் தோணலையே. பெத்தவளுக்கே தோணலையே."

அது அழுத அழுகையில நர்ஸம்மா ஓடி வந்துட்டாங்க. ஒண்ணும் இல்லன்னு சொல்லி அனுப்பினேன். கொஞ்ச நேரம் கழிச்சி அம்மா பெட்டைத் தட்டிக் காட்டுச்சு.

"காலைக் குடு."

"வேணாம்மா. உன் மேல கால் படக் கூடாது."

"குடுடின்றேன்."

பெட்டு ஓரத்துல உக்காந்து காலைத் தூக்கி வச்சேன். அம்மா அந்த ஒத்தைக் கையால என் உள்ளங்காலைத் தேடிப் பிடிச்சுது. குதிகால்ல இருந்து விரல் வரைக்கும் தடவுச்சு. ஊசித் தழும்பு இருக்கிற விரல் சொரசொரன்னு பட்டுது.

"இன்னும் சுடுதா?"ன்னு கேட்டுச்சு.

"ஆமாம்மா"ன்னு சொன்னேன்.